துணிக் குழாயும் அரைஞாண் கயிறும்

வாட்டிலே கோஸ் மடிக்கிறவளுக்குக் கண் துணியில் இருக்க வேணும், காது கட்டில்களில் இருக்க வேணும், வாய் மட்டும் எங்கேயும் இருக்கக் கூடாது. இதுதான் எங்கட தொழில்.

இந்த நிமிஷமும் என் மடியில் கோஸ்தான் கிடக்கிறது. புண்ணில் வைத்துக் கட்டுகிற, கொசுவலை மாதிரி ஐதான வெள்ளைத் துணி. சதுரம் சதுரமாக வெட்டி, ஓரத்து நூல் ஒன்றும் வெளியே நீட்டாமல் உள்ளே போகும்படி மடித்து, டிரம்முக்குள் அடுக்க வேணும். டிரம் என்றால் நீராவியில் வைத்து அவிக்கிற தகரப் பெட்டி. ஒரு நூல் புண்ணுக்குள் விழுந்துவிட்டால் சிஸ்டர் என்னை உயிரோடு விழுங்கிவிடுவா. ஆகவே நாலு துண்டு மடிக்கிறேன், ஒரு வரி எழுதுகிறேன், திரும்ப மடிக்கிறேன். என்னைப் போலத் தட்டுப் பிடித்து, சீலை அலசி, மூக்கைப் பொத்தாமல் நிற்கப் பழகிக்கொண்ட சகோதரிகளே, நீங்கள் வாசித்தால் தலையாட்டுவீர்கள்.

நான் ஆறாம் வகுப்பு மட்டும்தான் படித்தனான். பிறகு எங்கட பள்ளிக்கூடத்தில் அகதிச் சனம் வந்து இருந்தது. அதற்குப் பிறகு நாங்களே அகதி. இப்போது வெள்ளவத்தையில் ஒரு வீட்டுப் பின்னறை. இவருக்குச் சாப்பாட்டுக் கடையில் வேலை. எனக்குக் கொட்டாஞ்சேனையில், பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில். மகள் இன்னும் பால் குடிக்கிறாள். வீட்டுக்கார அக்கா பார்த்துக்கொள்கிறா. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ. இன்றைக்கு என்னால் எழுதாமல் இருக்க ஏலாது. ஜன்னலோரக் கட்டில் சேவியர் அண்ணனை இன்றைக்குத்தான் காலூன்றி நிற்க வைத்துப் பார்க்கப் போகிறார்கள். அந்தக் கால் தாங்குமா, தாங்காதா?

தட்டுப் பிடித்த முதல் நாள்

சேவியர் அண்ணன் துறைமுகத்தில் வின்ச் ஓட்டுகிறவர். கப்பலிலிருந்து மூட்டை தூக்கி இறக்குகிற யந்திரம். ஆள் கதவு அளவு. மீசை அதற்கு மேல். சிகரெட் குடித்துக் குடித்து வலது காலுக்குப் போகிற பெரிய இரத்தக் குழாய் அடைத்துப்போய், விரல் கறுத்து வந்தவர். எங்கட பெரிய டொக்டர் வயிற்றிலிருந்து தொடைக்கு ஒரு செயற்கைக் குழாயைத் தைத்து அந்தக் காலைக் காப்பாற்றி அனுப்பினார். சில மாதத்தில் மனிசன் திரும்பி வந்து நின்றார். தொடையும் வயிறும் சேருகிற மடிப்பில், தைத்த இடம் வாய் திறந்து சீழ் கசிந்துகொண்டிருந்தது.

இடம் எதுவென்று விளங்கியிருக்கும். கட்டின மனிசனையே வெளிச்சத்தில் நேராகப் பார்க்காதவள் நான். சிஸ்டர் அவர் மேல் கிடந்த சீலையை விலக்கி, "தட்டைப் பிடி" என்றா. நான் தட்டையும் பிடித்தேன், கண்ணையும் இறுக்கி மூடினேன். மூடிய கண்ணோடு பிடித்த தட்டு சரிந்தது; குளிர்ந்த மருந்துத் தண்ணீர் முழுவதும் அவர் வயிற்றில் கொட்டியது. சிஸ்டர் சிங்களத்தில் என்னென்னவோ சொன்னா. பயந்துபோய்க் கண்ணைத் திறந்தால், அந்தப் பெரிய மனிசனும் வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டுதான் கிடக்கிறார். மூடியபடியே சொன்னார்: "புள்ள, நீயும் கண்ண மூடி, நானும் கண்ண மூடினா, பாவம் சிஸ்டர் தனிய நிண்டு பயப்படுவாங்க தானே!"

இறக்குமதிச் சாமான்

பெரிய டொக்டர் யாழ்ப்பாணத்து ஆள். வாய் திறந்து நாலு வசனம் கதைத்தால் அன்றைக்கு வாட்டில் விசேஷம். அன்றைக்கு அவர் கட்டில் விளிம்பில் இருந்து, சேவியர் அண்ணனுக்கும் அவர் மனைவி பிலோமினா அக்காவுக்கும் விளங்கப்படுத்தினார். உள்ளே வைத்த குழாய் துணிதான், சட்டைத் துணி மாதிரி நெய்த சாமான். அந்த நெசவுக்குள்ளே கிருமி குடியேறிவிட்டது. சொந்தத் தசைக்குள் கிருமி போனால் இரத்தமே போய்ச் சண்டை பிடிக்கும். துணிக்குள் ஒளிந்திருந்தால் இரத்தத்துக்கும் எட்டாது, ஊசி மருந்துக்கும் எட்டாது. அழுகின துண்டை வெட்டி எடுக்கத்தான் வேணும்.

"எடுத்தா காலுக்கு இரத்தம் எப்பிடிப் போறது?" என்று பிலோமினா அக்கா கேட்டா. மற்றத் தொடையிலிருந்து அவருடைய சொந்தக் குழாய் ஒன்றை எடுத்து இங்கே தைக்கிறது, பிறகு தொடைத் தசை ஒன்றைத் திருப்பி அதற்கு மேல் போர்வை மாதிரி மூடுகிறது என்றார் டொக்டர். "ஒண்டும் செய்யாம விட்டா?" "விட்டால் ஒருநாள் தையல் பிய்ந்து இரத்தம் பாயும். காலா உயிரா என்று கேட்கவே நேரமிருக்காது." பிலோமினா அக்கா சிலுவை போட்டா. சேவியர் அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார், பிறகு சொன்னார்: "அப்ப என்ட சொந்தச் சாமானையே போடுங்க டொக்டர், இறக்குமதி எனக்கு ஒத்து வரல்ல."

எங்கே காயம்?

அந்தப் புண்ணுக்குக் கோஸ் போட்டு மாளாது. காலையில் வைத்தது மத்தியானத்துக்குள் ஊறிவிடும். வாட்டில் மடித்து முடியாமல், கோஸ் சுருளை வெள்ளவத்தைக்குக் கொண்டுபோய், மகளைக் காலில் போட்டு ஆட்டிக்கொண்டே மடித்துக் கொண்டுவருவேன். ஒருநாள் காலை காலி வீதிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். பெண்களைச் சோதிக்கிற பெண் சிப்பாய் என் பையைத் திறந்தாள். உள்ளே அடுக்கடுக்காக வெள்ளைத் துணி, கத்திரிக்கோல். "மொகத மே?" இது என்ன என்று. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் "துவாலய" என்றேன், காயத்துக்கு என்று. "கொஹெத துவாலே?" காயம் எங்கே?

நான் என்ன சொல்லுகிறது! பின்னால் வரிசை நிற்கிறது. முழங்காலைத் தொட்டேன். பொய் சொல்லக் கூடாதென்று கொஞ்சம் மேலே தொட்டேன். இன்னும் கொஞ்சம் மேலே. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, காற்றில் ஒரு இடத்தைக் காட்டினேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஒயாகெத?" உன்னுடையதா என்று. "நே! நே! லெடாகே!" இல்லையில்லை, நோயாளியுடையது என்று நான் கத்தியதில் பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவளுக்குச் சிரிப்பு அடக்க ஏலவில்லை. துவக்கைத் தோளில் தள்ளிவிட்டு, கோஸை ஒன்றும் கலைக்காமல் மூடித் தந்து, வெட்கப்படாமல், பஸ் போகமுன்னம் சீக்கிரம் ஏறச் சொன்னாள்: "லெஜ்ஜா வென்ன எப்பா நங்கி, இக்மனட்ட நகின்ன, பஸ் எக்க யனவா!"

பிணத்துக்குத்தான் அறுப்பார்கள்

முதல் ஒப்பரேஷனுக்கு முன்னம், சேவியர் அண்ணன் மயக்கத்தில் கிடக்கும்போது, தியேட்டரில் அவருடைய அரைஞாண் கயிற்றைக் கத்திரிக்கோலால் அறுத்துவிட்டார்கள். அவர்களுக்கு அது ஒரு கறுத்தக் கயிறு. எங்களுக்கு அப்படியா? ஆம்பிளையின் இடுப்புக் கயிற்றை அறுக்கிறது, பிணத்தைக் குளிப்பாட்டும்போதுதான். வேதக்காரர், சைவக்காரர் என்று இதில் வித்தியாசம் இல்லை. அவர் வீட்டுக்குப் போன அன்றே பிலோமினா அக்கா புதுக் கயிற்றை இரட்டையாக முறுக்கி, மாதா பதக்கம் ஒன்றைக் கோர்த்து, பல்லால் இழுத்து முடிந்துவிட்டா. அந்தக் கயிறு கிடந்த இடமோ சரியாகத் தொடைமடிப்பு. வியர்வை, குளித்த தண்ணீர், பவுடர், பிறகு சீழ். சிஸ்டர் அதைக் குறட்டால் தூக்கிக் காட்டியபோது குட்டிப் பாம்பு மாதிரித் தொங்கியது. பெரிய டொக்டர் சொன்னார்: "கிருமி இதால்தான் வந்தது என்று சொல்லமாட்டன். எப்படியும் வந்திருக்கலாம். ஆனால் இது அதிலே கிடக்கிற வரைக்கும் நான் கத்தி எடுக்கமாட்டன்." சேவியர் அண்ணன், "இத அறுக்கிறது எண்டா நான் சைன் வைக்க மாட்டன்" என்றார். பிலோமினா அக்கா அழத் தொடங்கினா. "முதல் தரம் அறுத்தீங்க. பாருங்க என்ன ஆச்சு எண்டு. ரெண்டாம் தரமும் அறுத்தா மனிசன் பொட்டியிலதான் வருவார்."

அப்படியே நின்றுவிட்டது விஷயம். டொக்டர் போய்விட்டார். புண் மட்டும் நிற்கவில்லை; கசிந்துகொண்டே இருந்தது. அடுத்தநாள் டொக்டர் வந்து திரும்பக் கேட்டார், சேவியர் அண்ணன் திரும்பவும் மாட்டேன் என்றார். நான் மூலையில் கோஸ் மடித்துக்கொண்டிருந்தேன். எங்கேயும் இருக்கக் கூடாத என் வாய் தானாகத் திறந்தது. "அவிழ்த்தால்?" யாருக்கும் கேட்கவில்லை என்று நினைத்தேன். சிஸ்டருக்குக் கேட்டுவிட்டது. "மொகத? பலமாச் சொல்லு!" எல்லோரும் திரும்பினார்கள். காது இரண்டும் அடுப்பு மாதிரி. கோஸைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "பிள்ளையளைக் குளிக்க வார்க்கேக்கை நாங்கள் கயிறு அவிழ்த்துத் திரும்பக் கட்டுறனாங்கள்தானே. அது அறுத்ததாகாது." பிலோமினா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தா. புருஷனைப் பார்த்தா. "ஓம், அது அறுத்ததாகாது" என்றா. அவர் தலையாட்டினார்.

சரி, யார் அவிழ்க்கிறது? முடிச்சு ஊறி ஊறிப் புளியங்கொட்டை போல இறுகிப்போயிருந்தது. பிலோமினா அக்கா இழுத்துப் பார்த்தா, நகம் முறிந்தது. எல்லோருடைய கண்ணும் என் பக்கம். தடித்த ஊசி ஒன்றைச் சுடுதண்ணீரில் போட்டெடுத்து, கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தேன். இந்த முறை கண்ணை மூட ஏலாதே! இழை இழையாகக் கிளப்பினேன். அவர் முகட்டில் சுற்றுகிற காற்றாடியைப் பார்த்துக்கொண்டு தேவாலயப் பாட்டு ஒன்றை முணுமுணுத்தார். பாட்டு முடிந்து திரும்பத் தொடங்கும்போது முடிச்சு 'பொத்' என்று இளகியது! பிலோமினா அக்கா என் கையைப் பிடித்து, கயிறு இல்லாமல் அவரைத் தியேட்டருக்குள் விடமாட்டேன் என்று சத்தியம் வாங்கினா. சிஸ்டர் கயிற்றைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, கோஸோடு சேர்த்து டிரம்முக்குள் அவிக்கச் சொன்னா. தியேட்டரில் மணிக்கட்டில் கட்டலாமாம். சைன் வைத்துவிட்டுப் பேனையை நீட்டும்போது சேவியர் அண்ணன் சொன்னார்: "வின்ச் கயிறு சிக்கினா நாங்க கோடாலியாலதான் போடுறது. புள்ள, நீ பேசாம துறைமுகத்துக்கு வந்திடு."

கையை விடாதே

ஒப்பரேஷன் நாள் வந்தது; பின்னேரம் என்று வைத்திருந்தார்கள். காலையில் கோட்டைப் பக்கம் எங்கேயோ குண்டு வெடித்தது. ஜன்னல் கண்ணாடி ஒருதரம் நடுங்கி நின்றது. பிறகு அம்புலன்ஸ் சத்தம், பிறகு ரோட்டெல்லாம் மூடியாச்சு என்ற செய்தி. பெரிய டொக்டர் கொள்ளுப்பிட்டியில் இருந்தார். சிஸ்டர் கீழே டெலிபோனைப் பிடித்துக்கொண்டு நின்றா. நான் தேத்தண்ணிக் கோப்பை சேர்த்துக்கொண்டிருந்தேன். சேவியர் அண்ணன் கூப்பிட்டார். "புள்ள, கட்டில்ல தண்ணி ஊத்தினியா? சூடா இருக்குது." சீலையைத் தூக்கினேன்.

தண்ணி இல்லை! சிவப்பு, துடித்துத் துடித்துப் பாய்கிற சிவப்பு! கோப்பை எங்கே விழுந்ததென்று எனக்குத் தெரியாது. கையில் அகப்பட்ட கோஸ் முழுவதையும் அள்ளி அந்த மடிப்பில் வைத்து அமர்த்தினேன். விரலிடுக்கால் வந்தது. முஷ்டியால் அமர்த்தினேன். அப்படியும் வந்தது. கட்டிலில் ஏறி முழங்காலில் நின்று, உடம்பு முழுவதையும் அந்தக் கைக்குள் இறக்கினேன். நின்றது! அப்போதுதான் கத்தினேன். என் தொண்டைக்குள் அப்படி ஒரு சத்தம் இருந்தது எனக்கே தெரியாது. கீழே மருந்துக் கடையில் நின்றவர்கள் மேலே ஓடிவந்தார்கள். சிஸ்டர் வந்து பார்த்து, என் கைக்கு மேல் தன் கையை ஒருதரம் வைத்து அழுத்தி, "அத அரின்ன எப்பா, கையை விடாதே, விடாதே!" என்று சொல்லிவிட்டு இரத்தப் பைக்கு ஓடினா.

என் உள்ளங்கைக்குக் கீழே அது அடித்தது. மகள் வயிற்றுக்குள் இருக்கும்போது உதைத்தாளே, அதே மாதிரி, விடு விடு என்று. கை மரத்தது. சேவியர் அண்ணனின் உதடு வெளுத்துக்கொண்டு வந்தது. பிலோமினா அக்கா அவர் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "குளிருது, கால் குளிருது" என்று அதையே சொன்னா. மகளுக்குப் பால் கொடுக்கிற நேரம் வந்தது போல. என் சட்டை முன்பக்கம் நனையத் தொடங்கியது. வாசலில் அத்தனை ஆம்பிளைகள்! சிஸ்டர் ஒரு துவாயை என் தோளைச் சுற்றிப் போட்டு, அந்தச் சிப்பாய்ப் பெண் சொன்னதையே காதுக்குள் சொன்னா, "லெஜ்ஜா வென்ன எப்பா." அப்படியே இருந்தேன், எவ்வளவு நேரமென்று கேட்காதேயுங்கோ. மாளிகாவத்தை ஒழுங்கைகளுக்குள்ளால் ஒரு திரீவீல்காரர் டொக்டரை ஏற்றிக்கொண்டு வந்து விட்டாராம். பெரிய டொக்டர் சட்டை தெப்பமாக நனைந்து மாடி ஏறி வந்தார். என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "தங்கச்சி, இனி இது என்ர கை. நான் சொல்லும் வரைக்கும் உங்கட இல்லை."

வண்டியில் ஊர்வலம்

கையை எடுக்காமல் எப்படித் தியேட்டருக்குக் கொண்டுபோகிறது? என்னையும் சேர்த்துத்தான்! சில்லு வண்டியில் அவர் மல்லாந்து, நான் அவருக்கு மேல் முழங்காலில், துவாய்ப் போர்வையோடு. விறாந்தையில் காத்திருந்த சனம் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்று பார்த்தது. தெருவில் நாலு பேர் எதிரே வந்தால் மதிலோடு ஒட்டி நடக்கிற நான்! உள்ளே போனதும் அவர் வயிற்றுக்கும் தொடைக்கும் மண்ணிற மருந்து பூசினார்கள். என் கைக்கும் முழங்கை வரை பூசினார்கள். என் மணிக்கட்டில் கோயில் நூல் ஒன்று கிடந்தது. சிஸ்டர் கத்திரிக்கோலை எடுத்தா, என் முகத்தைப் பார்த்தா, கத்திரிக்கோலைத் திரும்ப வைத்துவிட்டு நூலுக்கும் சேர்த்து மருந்தைப் பூசினா.

மயக்க மருந்து கொடுக்கிறவர் முகமூடியைக் கொண்டுவரும்போது சேவியர் அண்ணன் கண்ணைத் திறந்தார். "கயிறு" என்றார், அவ்வளவுதான். சத்தியம் பண்ணினவள் நான், என் கையோ இப்போது டொக்டருடையது. "சிஸ்டர், டிரம்" என்று வாயசைத்தேன். டிரம்மைத் திறந்து கோஸை அள்ளும்போது நடுவிலிருந்து கயிறும் மாதா பதக்கமும் சூட்டோடு வெளியே வந்தன. எல்லோரும் டொக்டரைப் பார்த்தார்கள். அவர் கையுறை போட்ட கையை உயர்த்தியபடி சொன்னார்: "கட்டுங்கோ, கெதியாக் கட்டுங்கோ. இன்றைக்கு எனக்கும் உதவிக்கு ஆள் காணாது."

இப்ப எடுங்கோ

சீழ் பிடித்த மடிப்பை டொக்டர் முதலில் தொடவேயில்லை. அதற்கு மேலே, அடிவயிற்றில், கிருமி எட்டாத சுத்தமான இடமாகப் பார்த்து வெட்டி, உள்ளே இருந்த குழாயைத் தேடிப் பிடித்து இறுக்கினார். ஆற்றுக்கு மேலே அணை கட்டுகிற மாதிரி. பிறகு, "இப்ப எடுங்கோ, மெதுவா" என்றார். என் விரல் விரியவில்லை! சிஸ்டர் ஒவ்வொரு விரலாகப் பிரித்தா. இரத்தம் வரவில்லை. ஒரு சொட்டும் இல்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வெளியே போகச் சொன்னார்கள், கால் வரவில்லை. மூலையில் ஒரு முக்காலியில் சுவரைப் பார்த்து இருத்தினார்கள். சுவரைப் பார்த்தேனா? இல்லை. அழுகின துண்டை அவர் குறட்டால் தூக்கினதைப் பார்த்தேன், எண்ணெயில் கிடந்த பழைய விளக்குத் திரி மாதிரி. இடது தொடையிலிருந்து எடுத்த சொந்தக் குழாயைத் தலைமயிரிலும் மெல்லிய நூலால் தைத்ததைப் பார்த்தேன். கெட்ட தசையைச் சுரண்டிச் சுத்தமாக்கி, தொடையின் நீளத் தசை ஒன்றின் மேல்முனையை விடுவித்துத் திருப்பி, தையலை மூடிப் படுக்க வைத்ததையும் பார்த்தேன். மேல் தோலை மட்டும் தைக்கவில்லை. திறந்தே விட்டு, கோஸ் வைத்து, உள்ளிருந்து வளர விடவேணுமாம். என்ர கோஸ்!

எல்லாம் முடிந்தது என்று நினைத்தால், முடியவில்லை. இறுக்கியதை இளக்கிவிட்டு, பாதத்தை மூடியிருந்த துணியை விலக்கினார்கள். மெழுகுதிரி மாதிரி வெள்ளைக் கால். டொக்டர் பாதத்தின் மேல் இரண்டு விரலை வைத்துக்கொண்டு குனிந்தபடி நின்றார். நான் முக்காலியை விட்டு எழும்பிவிட்டேன். மெல்ல, பெருவிரல் நகத்தின் அடியில் ஒரு ரோஸ் நிறம் வந்தது. மற்ற விரலுக்கும் வந்தது! டொக்டர் நிமிர்ந்து, "தங்கச்சி, இஞ்ச வாங்கோ" என்று கூப்பிட்டு, மரத்துப்போன என் விரலைப் பிடித்து அந்தப் பாதத்தில் வைத்தார். சின்னதாக, மிகச் சின்னதாக, அடித்தது. "காலமை நீங்கள் பொத்தி வைச்சிருந்தது இதைத்தான். இப்ப கீழுக்கு வந்திட்டுது."

வீட்டிலே

அன்றைக்கு ஆஸ்பத்திரிச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு வெள்ளவத்தைக்கு வந்தேன். மகள் என்னைக் கண்டதும் பாய்ந்தாள். முதலில் அவள் குடித்தாள். இவர் கடையிலிருந்து வந்து பக்கத்தில் இருந்தார். நானாகத்தான் சொன்னேன், எந்த இடத்தில் கை வைத்தேன், எப்படி ஏறி நின்றேன், யார் யார் பார்த்தார்கள் என்று ஒன்றும் விடாமல். சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்தேன். எங்கட ஊர் ஆம்பிளை. என்ன சொல்லப் போகிறாரோ!

"அந்த மனிசன்ர கால் இருக்கோ?" என்று கேட்டார். "இருக்கு" என்றேன். கடையிலிருந்து கொண்டுவந்த இடியப்பப் பொட்டலத்தை அவிழ்த்து என் பக்கம் தள்ளினார். "அப்ப சாப்பிடு."

வளையல் போட்ட வின்ச்காரர்

அதற்குப் பிறகு ஊசி மருந்து, காலையும் மாலையும் கோஸ். முதலில் கைநிறைய வைத்த குழிக்குள் இப்போது ஒரு துண்டு போதும். உள்ளே தசை மாதுளை முத்து மாதிரி நிறைந்துகொண்டு வருகிறது. சீழ் இல்லை, நாற்றம் இல்லை. தட்டுப் பிடிக்கும்போது நானும் கண்ணை மூடுவதில்லை, அவரும் மூடுவதில்லை. மீன் விலை கதைத்துக்கொண்டு வேலையை முடிக்கிறோம். தோல் மூடும் வரைக்கும் கயிறு இடுப்புக்குப் போகக் கூடாது என்பது டொக்டரின் உத்தரவு. அது மணிக்கட்டிலேயே கிடக்கிறது. துறைமுகத்துக் கூட்டாளிகள் பார்க்க வந்து, "என்ன சேவியர், புது வளையலா?" என்று பகிடி பண்ணினார்கள். அவர் மீசையை முறுக்கிக்கொண்டு கையை உயர்த்திக் காட்டினார்: "அவிச்ச மாதா, மச்சான். உங்கட ஒருத்தன்ட மாதாவும் இவ்வளவு சுத்தமில்ல."

ஆனால் பகிடியெல்லாம் கட்டிலில் கிடக்கும் வரைக்கும்தான். இத்தனை நாளும் அந்தக் காலுக்கு ஒரு பாரமும் கொடுக்கவில்லை. நிற்கும்போது மடிப்பு இழுபடும், தையல் இழுபடும். தாங்கினால் அவர் திரும்ப வின்ச் ஏணியில் ஏறுவார். தாங்காவிட்டால் அதை நான் எழுதமாட்டேன். பெரிய டொக்டர் சற்று முன்னம் மேலே போனார், பிலோமினா அக்கா ஜெபமாலையோடு பின்னால் போனா, என்னைச் சிஸ்டர், "நீ மடி, கூப்பிடுறன்" என்று இங்கே கீழ்மாடியில் இருத்திவிட்டா. மடிக்கிறேன். ஓரம் கோணல் மாணலாகப் போகிறது. நூல் நீட்டிக்கொண்டு நிற்கிறது. இதுவரை ஒரு சத்தமும் இல்லை.

ஆகக் கடைசியில், சகோதரிகளே, எங்கட தொழிலை ஒரு வரியில் சொல்லு என்றால், ஆம்பிளையள் வெட்கப்பட்டு மூடுகிற இடத்தில் வெட்கப்பட்ட ஒருத்தி கையை வைத்துக்கொண்டு, அடுத்த ஆள் வந்து எடுக்கச் சொல்லும் வரைக்கும், பொறுங்கோ, பிலோமினா அக்கா மேலே நின்று கத்துறா, "புள்ள, ஓடி வா, ஓடி வா, மனிசன் ரெண்டு காலிலயும் நிக்கிறார்" என்று, கோஸ் கிடக்கட்டும், நான்